கருடனுக்கு அழைப்பு

உத்தமபாளையத்தில் முதல்முதலாக ட்ரோன் பறந்தபோது ஊரே மொட்டைமாடியில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தது. மேய்ந்துகொண்டிருந்த மாடுகள்கூட அண்ணாந்து பார்த்ததாக இன்றைக்கும் சொல்வார்கள். மாடு எதற்கு அண்ணாந்து பார்க்கிறது, சும்மா அளந்து விடுவதுதான். ஆனால் மனிதர்கள் கழுத்து வலிக்கப் பார்த்தார்கள், அதில் பொய் இல்லை.

இப்போது காக்காய்கூட மதிப்பதில்லை. கல்யாணம் என்றால் ட்ரோன், காதுகுத்து என்றால் ட்ரோன், மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் ஒன்றுக்கு இரண்டு. சித்திரைக் காற்றில் வாழைத்தோப்பு சாய்ந்தால், சேதத்தைக் காட்ட முன்பெல்லாம் அதிகாரியை வரப்பு வரப்பாக இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். இப்போது மேலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும், தோப்பு மொத்தமும் பாய் விரித்ததுபோலப் படுத்துக் கிடப்பது தெரிந்துவிடும். தேவாரத்தில் ஒருவர் காணாமல் போன கிடேரியை ட்ரோன் விட்டுத்தான் கண்டுபிடித்தார். அது எங்கேயும் போகவில்லை, அவருடைய பங்காளியின் சோளக்காட்டு நடுவில் நின்று வயிறு முட்ட மேய்ந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது வேறு விஷயம்.

உத்தமபாளையத்து ஹுஸ்னா இந்தத் தொழிலுக்குள் வந்தது பெண்கள் பக்கமாக. அவர்கள் ஜமாத்துக் கல்யாணங்களில் பெண்கள் கூடியிருக்கும் இடத்துக்குள் ஆண் கேமராக்காரரை விடமாட்டார்கள். அங்கே நின்று படமெடுக்க ஒரு பெண் வேண்டும் என்று தேடியபோது, போனில் நன்றாகப் படமெடுப்பாள் என்று பெயர் வாங்கியிருந்த ஹுஸ்னாவைப் பிடித்து நிறுத்தினார்கள். போன் கேமரா ஆனது, கேமரா ட்ரோன் ஆனது. அவளுடைய கணவன் அப்சல் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருந்தான். புறவழிச்சாலை போட்டதும் வண்டிகள் ஊருக்குள் நுழைவதை நிறுத்திக்கொள்ள, கடை ஈ ஓட்டியது. வீடு ஓடுவது இப்போது அந்த நாலு விசிறியில்தான். ஹுஸ்னா ட்ரோன் விடுகிற நாளெல்லாம் அப்சல் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வருவான். அவளுடைய கண் திரையில் இருக்கும், அவனுடைய கண் வானத்தில் இருக்கும். கம்பி வருது, மரம் வருது, பறவை வருது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"எனக்குக் கழுத்துச் சுளுக்குனா மருந்து செலவு உன் கணக்கு" என்பான்.

"கடையில உக்காந்து வாசலப் பாத்த கழுத்துதானே, கொஞ்சம் மேலயும் பாக்கட்டும் மச்சான்" என்பாள் அவள்.

கல்யாணமும் தோப்பும் வாழையுமாக ஓடிக்கொண்டிருந்தவளுக்குக் கோயில் வேலை மட்டும் அமையவில்லை. இந்தப் பக்கத்தில் தை பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் கும்பாபிஷேகம், அப்புறம் பங்குனிப் பொங்கல், சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் அறுவடை. அத்தனையும் தேனியிலிருந்து வரும் ஆட்களிடம் போய்க்கொண்டிருந்தது. ஹுஸ்னா கேட்காத இடமில்லை. பாப்போம், சொல்றோம் என்பார்கள். சொல்லவே மாட்டார்கள்.

கடைசியில் கதவைத் திறந்துவிட்டவர் ஆத்தங்கரைப்பட்டி பஞ்சாயத்துத் தலைவர் சுப்புத்தாய். ஊர்க் கண்மாயை ஆகாயத்தாமரை மூடிக் கிடந்ததை ஹுஸ்னாவை வைத்துத்தான் அவர் மேலிருந்து படமெடுத்து ஆபீசில் கொண்டுபோய்க் காட்டினார், ஒரே வாரத்தில் பொக்லைன் வந்து நின்றது. அதிலிருந்து அவருக்கு ஹுஸ்னா என்றால் தனி மரியாதை. ஊர் முத்தாலம்மன் கோயில் கும்பாபிஷேகம் முடிவானதும் அவளைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்.

திருப்பணிக் கமிட்டித் தலைவர் கருத்தக்கண்ணன் தலையைச் சொறிந்தார். "கோயில் காரியம் சுப்புத்தாயி. தேனியில இருந்து நல்ல ஆளாப் பாத்துக் கூட்டியாருவமே."

"இவ என்ன கெட்ட ஆளா?"

"அதுக்கில்ல. அம்புட்டுக் கூட்டத்துல ஒரு பொம்பளப்பிள்ள நின்னுக்கிட்டு..."

"அவ தரையிலதான நிக்கப்போறா? மேல போறது மிசினு. மிசினுல என்னய்யா ஆம்பள பொம்பள?"

கருத்தக்கண்ணன் நல்ல மனிதர்தான். கோபம் மட்டும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். இந்தக் கோயிலைக் கட்டி முடிக்க அவர் ஏறாத வீடில்லை, கும்பிடாத ஆளில்லை. அதில் ஒரு குறை வந்துவிடக்கூடாது என்கிற பயமே அவரை அப்படிப் பேச வைத்தது. கடைசியில் சரி என்றார். சுற்றுவட்டாரத்து ஊர்களின் கோயில் கமிட்டிக்காரர்கள் எல்லாரும் அன்றைக்கு விருந்தாளிகளாக வந்து முன்வரிசையில் உட்காருவார்கள் என்பது ஹுஸ்னாவுக்குத் தெரியும். அன்றைக்கு நல்லபடியாக முடிந்தால் இனி யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டாம். சொதப்பினால் கதவு ஒரேயடியாகச் சாத்திக்கொள்ளும்.

விடிந்ததும் கூட்டம் கூடிவிட்டது. தெருவெல்லாம் வாழைமரம், மாவிலை, சீரியல் லைட்டு. யாகசாலைப் புகையில் கண்ணெரிந்தது. நாயனக்காரர்கள் ஒரு பக்கம், உறுமிக்காரர்கள் ஒரு பக்கம் என்று யார் காதை யார் கிழிப்பது என்கிற போட்டி நடந்தது. ஹுஸ்னா அன்னதானக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு திட்டில் நின்றுகொண்டாள். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி அனுமதி வாங்கியாகிவிட்டது, பேட்டரிகள் நிறையச் சார்ஜ் ஏறியிருந்தன. பிஸ்மில்லாஹ் சொல்லி ட்ரோனை மேலே ஏற்றினாள். திரையில் புதுக்கோபுரம் மஞ்சளும் பச்சையும் சிவப்புமாகத் துலங்க, அதைச் சுற்றி மனிதத் தலைகள் கடுகு கொட்டியதுபோலத் தெரிந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்கே மெய்சிலிர்த்தது.

புனிதநீர்க் குடங்களைத் தலையில் வைத்துக்கொண்டு சிவாச்சாரியார்கள் ஊர்வலமாக வந்து சாரத்தில் ஏறினார்கள். மேலே போய்க் கலசத்துக்கு மந்திரம் சொல்லிப் பூஜை முடித்தார்கள். இனி ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. அதற்கு ஒருவர் வந்தாக வேண்டும். கருடன் வந்து கோபுரத்தைச் சுற்றி வட்டமிட்ட பிறகுதான் ஊற்றுவது. அவர் வராமல் ஊற்றினால் கும்பாபிஷேகம் நடந்தது என்று ஊர் ஒப்புக்கொள்ளாது. வருஷம் பூராவும் சொல்லிக் காட்டும். அதனால் சிவாச்சாரியாரிலிருந்து பலூன்காரர் வரை எல்லாரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள்.

கருத்தக்கண்ணன் கையில் மைக் இருந்தது. யாகசாலைப் புகை படிந்து மங்கிய கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. கையை நெற்றிக்கு மேல் மறைத்துக்கொண்டு பார்த்தவருக்கு, சூரியனுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒன்று மெதுவாக வட்டமடிப்பது தெரிந்தது. அவ்வளவுதான், மனிதர் துள்ளிவிட்டார்.

"வந்துட்டாரு! கருடாழ்வார் வந்துட்டாரு! பக்தகோடிகளே, வானத்தப் பாருங்க, கருடாழ்வார் வந்துட்டாரு!"

அவ்வளவு பெரிய கூட்டமும் ஒரே குரலில் கத்தியது. வேட்டு வெடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். இரண்டு மூன்று பேருக்கு அருள் வந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். மேலே சிவாச்சாரியார் குடத்தைத் தூக்கிச் சாய்க்கவே போய்விட்டார்.

அப்சல் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஹுஸ்னா, அது நம்ம ட்ரோனு."

அதே நேரம் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. "ஏலே, கருடனுக்கு எதுக்குலே பச்ச லைட்டு எரியுது?"

ஒரு நொடி எல்லாம் நின்றது. அப்புறம் எங்கேயோ ஒரு மூலையில் ஒருவர் சிரித்தார். அது பக்கத்துக்குத் தொற்றி, வரிசை வரிசையாகப் பரவி, கோயில் முன்னால் கும்பிட்ட கையோடு நின்றவர்கள் வரை வந்துவிட்டது. சிவாச்சாரியார் குடத்தை வெடுக்கென்று நிமிர்த்த, தண்ணீர் அவர் கால்மேலேயே கொட்டியது. அருள் வந்து ஆடியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் மெதுவாக ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

கருத்தக்கண்ணனுக்கு முகம் கறுத்துச் சிறுத்துவிட்டது. பெற்ற பிள்ளை கல்யாணம்போல நடத்துகிற விசேஷத்தில், ஊர் ஊராகக் கூப்பிட்டு உட்கார வைத்த விருந்தாளிகள் முன்னால், இப்படியா? அவமானம் அத்தனையும் கோபமாகி மைக்கில் வந்து விழுந்தது.

"ஏத்தா, அந்த ட்ரோன மொதல்ல எறக்கு! எறக்குங்கிறேன்ல! அது மேல நின்னு கரகரன்னு சுத்துனா அவரு எப்படி வருவாரு?"

ஹுஸ்னா உடனே இறக்கினாள். வானம் துடைத்துவிட்டதுபோலக் கிடந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். ஒரு புறாகூடப் பறக்கவில்லை. முகூர்த்த நேரம் கரைந்துகொண்டிருந்தது. சிவாச்சாரியார் மேலிருந்து குனிந்து குனிந்து கருத்தக்கண்ணனைப் பார்த்தார். சிரித்த கூட்டம் இப்போது முணுமுணுக்கத் தொடங்கியது. வந்திருப்பாருப்பா, இந்தச் சனியனப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருப்பாரு என்றார் ஒருவர். ஆமா ஆமா என்று இன்னும் நாலு பேர் சொன்னார்கள்.

கருத்தக்கண்ணன் மறுபடி மைக்கை வாயருகே கொண்டுபோனார். "வந்திருக்கிற கமிட்டிக்காரக எல்லாரும் எங்க நெலமையப் பாத்துக்கங்க. இனிமே இந்தப் பக்கத்துல எந்தக் கோயில் விசேசத்துக்கும் இதக் கூப்புடாதீக. நாங்க பட்டதே போதும்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக ஆடின. ஹுஸ்னாவின் பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால் அங்கே ட்ரோன் வைத்துக்கொண்டு நின்றவள் அவள் ஒருத்திதான்.

"பைய எடு, சத்தங்காட்டாமக் கெளம்பிருவோம்" என்றான் அப்சல்.

"கெளம்ப மாட்டேன்."

"நல்லா யோசிச்சுப் பாரு புள்ள. அவுக கோபத்துல இருக்காக."

"இப்பக் கெளம்புனா நான்தான் வெரட்டுனேன்னு முடிவாயிரும் மச்சான். நாளைக்கு உத்தமபாளையத்துல, கம்பத்துல, சின்னமனூர்ல எல்லாம் இதே பேச்சுத்தான். கருடன வெரட்டுனவன்னு பேரு வச்சுருவாக. கல்யாணத்துக்குக்கூடக் கூப்புட மாட்டாக." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் குரல் கலங்கவில்லை. "நான் எங்க வெரட்டுனேன்? அதுதான் என்னைய வெரட்டுச்சு!"

சொல்லிவிட்டு அவளே நின்றாள். அப்சலும் அவளைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புத்தான் ஓடியது.

இரண்டு நாளைக்கு முன்னால் கும்பாபிஷேகப் படத்தின் தொடக்கத்துக்காக முல்லையாற்றை எடுக்கப் போயிருந்தார்கள். ஊருக்கு மேற்கே ஆற்றோரத் தென்னந்தோப்புப் பக்கம் ட்ரோன் போனதுதான் தாமதம், ஒரு மரத்து உச்சியிலிருந்து சீறிக்கொண்டு வந்தது ஒரு பறவை. வெள்ளை மார்பு, செம்மண் நிற றெக்கை. கருடனேதான். கூட்டில் குஞ்சு இருந்திருக்கும். தன் வீட்டுப் பக்கம் எவனோ வந்துவிட்டான் என்று அது ட்ரோனைப் பாதி ஆறு வரை துரத்திவிட்டுத்தான் திரும்பியது. பயந்துபோய் அன்றைக்கு அந்தப் பக்கமே வேண்டாம் என்று வந்துவிட்டார்கள்.

"அந்தத் தோப்பு இங்கிருந்து ரொம்ப தூரமில்ல" என்றாள் ஹுஸ்னா மெதுவாக.

"உனக்குக் கிறுக்கா? நகத்தால ஒரு போடு போட்டா ட்ரோன் சில்லு சில்லாப் போகும். அப்புறம் வீட்டுல எதை வச்சு அடுப்பு எரிக்கிறது? அதோட இது அவுக சாமி காரியம். நாம போயி..."

"அதத்தான் கேக்கப்போறேன்" என்றவள், கருத்தக்கண்ணனைச் சமாதானப்படுத்திவிட்டு அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்த சுப்புத்தாயைப் பார்த்தாள். மறைத்துச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. "அக்கா, கருடன் இருக்கிற எடம் எனக்குத் தெரியும். ட்ரோன அங்கன கொண்டுபோனா அது வெரட்டிக்கிட்டே வரும். இங்கன வரைக்கும் கூட்டியாந்துருவேன். கூட்டுக்குக் கிட்டப் போகமாட்டேன், ஆத்து மேல நின்னாலே அதுக்குக் கோவம் வந்துரும். செய்யலாமா, கூடாதா? நீங்க சொல்லுங்க."

சுப்புத்தாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"ஏன்த்தா, மாப்பிள்ளைய நாம என்ன, தானா வரட்டும்னா விடுறோம்? மேளதாளத்தோட ஆளனுப்பித்தான அழச்சிட்டு வாறோம்? அவரு மட்டும் அழைக்காம வரணுமா? போ, போயி அழச்சிட்டு வா. கருத்தக்கண்ணன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஹுஸ்னா புது பேட்டரியை மாட்டினாள். அன்னதானக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு புளியமரம், அதன் மறைவில் போய் நின்றாள். பிஸ்மில்லாஹ் என்று சொன்ன வாய் அதற்குப் பிறகு மூடவே இல்லை, உள்ளுக்குள் என்னென்னவோ ஓதிக்கொண்டிருந்தது. ட்ரோன் மரக்கிளைகளைத் தாண்டித் தாழ்வாகவே ஓடி, வாழைத்தோட்டத்து மேலாக ஆற்றைப் பார்த்துப் போனது.

திரையில் தண்ணீர் மின்னியது. தோப்பு வந்தது. ஹுஸ்னா ஆற்றுக்கு நடுவிலேயே நிறுத்தினாள். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால். ஒன்றுமில்லை.

"வந்துச்சு" என்றான் அப்சல். அவன் புளியமரத்துக்கு வெளியே திட்டில் ஏறி நின்றிருந்தான். "மேல இருந்து வருது. வேகமா வருது. திருப்பு!"

ஹுஸ்னா திருப்பவில்லை. திருப்பினால் அது எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று தெரியாது. முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டே ட்ரோனைப் பின்னாலேயே ஓட்டினாள். பின்பக்கமாக நடக்கிறவருக்கு வழி சொல்வதுபோல அப்சல் கத்திக்கொண்டிருந்தான்: தென்னை வருது, வலதுல ஒதுங்கு, கரண்டுக் கம்பி, மேல ஏறு, ஏறு! திரை முழுக்கக் கருடன். வளைந்த மூக்கு, ஆணி அடித்ததுபோன்ற கண், முன்னால் நீட்டிய கால் நகம். அவள் வேகம் கூட்டினால் அது சோர்ந்து திரும்பிவிடும், குறைத்தால் ட்ரோன் அதன் நகத்தில் அகப்பட்டுவிடும். கைக்கு எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், எட்டவும் கூடாது. சந்தையில் கன்றுக்குட்டிக்குப் புல்லுக்கட்டைக் காட்டிக் காட்டி இழுத்துக்கொண்டு போவார்களே, அந்த வேலை.

வாழைத்தோட்டம் முடிகிற இடத்தில் கருடன் சடாரென்று திரும்பியது. போதும், என் எல்லை தாண்டிவிட்டாய் என்று தோப்பைப் பார்த்துப் போக ஆரம்பித்தது.

"போச்சு" என்றான் அப்சல்.

"போகவிட்டாத்தான!" ஹுஸ்னா பல்லைக் கடித்துக்கொண்டு ட்ரோனை மறுபடி ஆற்றுக்கே விரட்டினாள். கருடனுக்குப் பின்னாலேயே போய், அதையும் தாண்டி, நேருக்கு நேராக நின்றாள். அதற்கு மேல் எந்தக் கருடன் பொறுக்கும்? கீச்சென்று ஒரு கத்தல். அந்தக் கத்தலைக் கேட்டுத் தோப்புக்குள்ளிருந்து இன்னொன்று கிளம்பியது.

"ஏ யம்மா, ஜோடியா வருது ஹுஸ்னா! ஜோடியா வருது!"

அதில் ஒன்று மேலிருந்து விழுந்தடித்து வந்து ட்ரோனை ஒரு தட்டுத் தட்டியது. திரையில் வானமும் பூமியும் தலைகீழாகச் சுற்றின. எத்தனை கல்யாணம், எத்தனை தோப்பு, எத்தனை அலைச்சல், அத்தனையும் வாழைக்குள் விழுந்து நொறுங்கப் போகிறது என்று நினைத்தாள் ஹுஸ்னா. ட்ரோன் ஆடியது, தடுமாறியது, தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டது. அவள் ஒரே இழுப்பில் உயரே ஏற்றினாள். இரண்டு கருடன்களும் விடாமல் கூடவே ஏறின. இந்தமுறை அவை எல்லையைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவ்வளவு கோபம்.

கோபுரம் திரையில் கீழே வந்ததும் அப்சல், "இப்ப!" என்று கத்தினான். அவள் புளியமரத்துக்குப் பின்பக்கமாக ட்ரோனைக் கடகடவென்று இறக்கினாள். தரை வரை வர விடாமல் அவன் எட்டி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். விசிறி ஒன்றின் ஓரம் நகம் பட்டுச் சீவியிருந்தது. அவ்வளவுதான் சேதம்.

தாங்கள் துரத்தி வந்த ஆள் திடீரென்று காணாமல் போனதும் கருடன்களுக்குக் குழப்பம். எங்கே போனான், எங்கே போனான் என்று றெக்கையை விரித்தபடி கோபுரத்துக்கு மேலே வட்டமடித்துத் தேட ஆரம்பித்தன. ஒன்று வலமாகச் சுற்றியது, இன்னொன்று அதன் பின்னாலேயே சுற்றியது. வெயிலில் செம்மண் றெக்கை பளபளத்தது.

கீழே ஒரு சத்தமில்லை. அத்தனை பேரும் பார்த்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை ஏமாந்தது போதும் என்று எல்லாரும் சந்தேகத்தோடு நின்றார்கள். கருத்தக்கண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டினார், கழற்றினார், வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டினார். மைக்கை வாய்வரை கொண்டுபோய், அறிவிக்கத் துணிச்சலில்லாமல், பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். மைக் அணைக்காததால் அது ஊருக்கே கேட்டது.

"ஏப்பா, லைட்டு எதுவும் எரியுதான்னு நல்லாப் பாருங்கப்பா."

அப்போது மேலே இரண்டும் சேர்ந்து கீச்சென்று கத்தின.

"ட்ரோனு கத்துமாய்யா? கருடன்யா அது! சோடிக் கருடன்!" என்று அலறிவிட்டுச் சுப்புத்தாய் குலவை போட்டார். அதற்குப் பிறகு யார் என்ன கத்தினார்கள் என்றே தெரியவில்லை. நாயனமும் உறுமியும் வேட்டும் குலவையும் ஒன்றாகக் கலந்து பள்ளத்தாக்கே அதிர்ந்தது. சிவாச்சாரியார் குடத்தைச் சாய்த்தார். கலசத்தில் தண்ணீர் வழிந்தது. முகூர்த்தத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்தது. எவ்வளவோ கும்பாபிஷேகம் பார்த்தவர்கள்கூட ஜோடிக் கருடனை ஒருசேரப் பார்த்ததில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கருத்தக்கண்ணன் ஹுஸ்னாவைத் தேடிக்கொண்டு வந்தபோது அவள் புளியமரத்தடியில் உட்கார்ந்து படத்தை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்புத்தாய் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டிருந்தார். அவருக்குப் பின்னால் முன்வரிசை விருந்தாளிகள் ஒரு கும்பலாக வந்தார்கள்.

"நீதான் கூட்டியாந்தியா?" என்றார்.

"கூட்டியாரல மாமா. அதுக வீட்டுப் பக்கம் போனேன், கோவிச்சுக்கிட்டு வெரட்டிக்கிட்டு வந்துச்சுக." மறைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

கருத்தக்கண்ணன் குனிந்து பார்த்தார். ஆற்றுக்கு மேலே, மேற்கு மலை பின்னால் நீலமாக நிற்க, கருடன் நேராக அவரைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தலை, கூர்மூக்கு, இமைக்காத கண். ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. திட்டப்போகிறார் என்றே ஹுஸ்னா நினைத்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இத்தன வயசுக்கு அண்ணாந்து அண்ணாந்து அவரு அடிவயித்தத்தான் ஆத்தா பாத்திருக்கேன்" என்றார். "மொகத்த இன்னைக்குத்தான் பாக்குறேன்."

ஹுஸ்னாவுக்கு அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அப்சல் ட்ரோனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான், அவனுக்கும் அதே நிலைதான். பின்னால் நின்ற கமிட்டிக்காரர்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். எங்க ஊர்லயும் மாசியில வச்சிருக்கோம்த்தா, நீதான் வரணும் என்றார் ஒருவர். எங்களுக்கும் என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் ஒரு படி மேலே போனார்.

"வரும்போது கருடனோட வந்துருத்தா."

"என் தேதியத்தான் மாமா நான் குடுக்க முடியும். அவரு தேதிய அவருகிட்டத்தான் வாங்கணும்" என்றாள் ஹுஸ்னா, அழுகையும் சிரிப்புமாக.

எல்லாரும் சிரித்தார்கள். கருத்தக்கண்ணன் சிரிக்கவில்லை. அவர் விறுவிறுவென்று மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் கேட்டுக்கங்க! கொஞ்ச நேரத்துக்கு முந்தி இதே மைக்குல நான் ஒரு பேச்சுப் பேசுனேன். அது தப்பு. கருடாழ்வாருக்கு இன்னைக்கு அழைப்பு வச்சது நம்ம ஹுஸ்னா. பந்தியில இருக்கவுக, வீட்டுக்குப் போனவுக, சமையக்கட்டுல நிக்கிறவுக எல்லாரும் கோயில் முன்னால வாங்க. ஊரு மொத்தமும் ஒரே படத்துல வரணும்."

கையில் கரண்டியோடு சமையல்காரர்கள் வந்தார்கள், பாதிச் சாப்பாட்டில் கை கழுவாதவர்கள் வந்தார்கள், சிவாச்சாரியார்கள் சாரத்திலேயே நின்றுகொண்டார்கள். ஹுஸ்னா சீவிப்போன விசிறியை மாற்றினாள். ட்ரோன் எழும்பியதும் குலவைச் சத்தம் மறுபடி கிளம்பியது. கோபுர உச்சிக்குச் சரியாக அவள் நிறுத்தினாள். கீழே அத்தனை முகங்களும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, கையாட்டிக்கொண்டு நின்றன.

"போதுமா மாமா, எறக்கவா?" என்று கேட்டாள்.

"எறக்காத!" என்று மைக்கிலேயே கத்தினார் கருத்தக்கண்ணன். "இன்னும் மேல ஏத்து ஆத்தா, இன்னும் மேல!"